கண்டக்ட் என்று தட்டினால் முதலில் வருவது

மதிவதனி அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதைதான் கூடும். ஒரு வாக்கியத்தில் நாலு 'ங்க' வந்துவிட்டால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நான் டீ டம்ளரைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

"ஏனுங்க டாக்டருங்க, இதை எழுதுனீங்களாங்க, இல்ல பேனா எழுதுதான்னு பார்த்தீங்களாங்க?"

இது ஒரு காகிதத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அதை எழுதிய டாக்டர் மூன்றாவது மாடியில் இருப்பார். நாங்கள் இருப்பது தரைக்குக் கீழே, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அதில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு. பெயரெல்லாம் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். என் பெயர் யாஸ்மின். அக்காவுக்கு அடுத்த நாற்காலி.

எங்கள் வேலைக்குப் பெயர் கோடிங். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற கோடிங் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, கோட்டைமேட்டில் என் சொந்தக்காரர்கள் இன்னும் நம்பவில்லை. ஒரு நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய ஃபைல் எங்களிடம் வரும். டாக்டர் எழுதியிருக்கிற நோய்க்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி ஒரு எண் உண்டு. அந்த எண்ணைத் தேடிப் போட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நோய் என்ன என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாது. டாக்டர் எழுதியதற்குத்தான் எண். எழுதியது புரியவில்லை என்றால் கேள்வி எழுதி அனுப்பலாம். அதற்குக் கொரி என்று பெயர். கொரியிலும் 'இந்த நோயா டாக்டர்?' என்று கேட்கக் கூடாது. அது டாக்டர் வாயில் வார்த்தையைப் போடுவது. பொதுவாகத்தான் கேட்க வேண்டும்.

அக்கா அன்னூர்ப் பக்கம். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் வாழைக்கும் பருத்திக்கும் கூலிக்குப் போனவர்கள். அக்கா அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, காந்திபுரத்தில் மூன்று மாதம் கோடிங் வகுப்புக்குப் போய், சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் அமெரிக்கர்களின் ஃபைல்களுக்கு எண் போட்டார். எங்கேயோ ஓஹையோவில் யாருக்கோ முட்டி வலித்த கதையெல்லாம் அக்காவுக்குத் தெரியும். மகள் பிறந்த பிறகு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். தினமும் காலை ஆறே முக்காலுக்கு அன்னூரில் பஸ். மத்தியானம் டப்பாவில் அரிசிம்பருப்புச் சாதம். வாரத்தில் நாலு நாள் அதுதான். கேட்டால், "நல்லாத்தான யாசு இருக்குது?" என்பார்.

எலும்பு முறிவு ஃபைல் வந்தால் அக்கா சிரித்த முகமாக இருப்பார். டாக்டர் மோசமாக எழுதியிருந்தாலும் எக்ஸ்ரே இருக்கும். மனநலப் பிரிவிலிருந்து ஃபைல் வந்தால்தான் கெரகம். அங்கே படம் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் எழுதுகிற வரிதான் எல்லாம். அந்த வரியை எழுதுகிறவர் டாக்டர் அழகிரிசாமி.

அழகிரிசாமி சாரைப் பற்றி ஒரு குறையும் யாரும் சொல்ல மாட்டார்கள், எங்கள் இருவரைத் தவிர. மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் என்று எங்கிருந்தெல்லாமோ அவரைத் தேடி வருவார்கள். ஒரு ஆளிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். பேசி முடித்துவிட்டு ஃபைலில் ஒன்றரை வரி எழுதுவார். அந்த ஒன்றரை வரியில் ஒரு வரி கையெழுத்து.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கா பாடம் எடுப்பார். மன அழுத்தத்தால் வருகிற பொருந்தாமைக் கோளாறு, அதாவது அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர், அதை அவர் சொல்கிற மாதிரி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"ஒருத்தருக்கு ஒரு கஷ்டம் வருது. ஊடு மாறுது, வேலை போகுது, ஊட்டுக்காரர் உட்டுட்டுப் போயிடறாரு. அதுலருந்து பெரும்பாலும் ஒரு மாசத்துக்குள்ள ஆளு மாறிப்போறாங்க. சில பேரு அழுவாங்க. சில பேரு தூங்கமாட்டாங்க. சில பேரு கையில கெடச்சதை ஒடைப்பாங்க, அடிப்பாங்க, பள்ளிக்கூடம் போகமாட்டாங்க. ஒடைக்கறவங்களுக்கு எஃப் நாப்பத்திமூணு புள்ளி ரெண்டு நாலு. கஷ்டம் அடங்கினா பொதுவா ஆறு மாசத்துக்குள்ள இதுவும் அடங்கிப்போகும். அதே அடி, அதே ஒடை, ஆனா நாளாவட்டத்துல வேரு புடிச்சு, ஒரே போக்கா அப்படியே இருக்கறது வேற சமாச்சாரம். அது கண்டக்ட் டிஸார்டர், நடத்தைக் கோளாறு, எஃப் தொண்ணூத்தியொண்ணு. வெளியிலருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணுமாதிரிதான் இருக்கும். அதனாலதான் என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, அதுக்கப்புறம் எத்தனை நாள் கழிச்சு ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் எழுதோணும். எழுதமாட்டாங்க. நாமதான் கேக்கோணும்."

போன நவம்பர் கடைசியில் ஒரு ஃபைல் வந்தது. தேஜஸ்ரீ, வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. போத்தனூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்து, கையில் பதினோரு தையல். சர்ஜரி வார்டில் ஐந்து நாள். நடுவில் ஒரு நாள் அழகிரிசாமி சாரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கையைப் பற்றி ஆறு வரி. கடைசியில் மனநல நோய் என்ற இடத்தில் 'கண்டக்ட் டிஸார்டர்' என்று அச்சில் இருந்தது. அழகிரிசாமி சார் கையால் எழுதிய குறிப்பைப் பார்த்தால் முதலில் ஒரு 'ஏ', பிறகு ஒரு 'டி', பிறகு வளைந்து கீழே போகிற ஏதோ ஒன்று, அப்புறம் 'கண்டக்ட்'.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாசு, இது அட்ஜஸ்ட்மென்டா, அட்வைஸா?"

"அட்வைஸ் மாதிரி இருக்குக்கா."

"எனக்கு அட்ஜஸ்ட்மென்ட் மாதிரி இருக்குது. அச்சுல இருக்கறது ஒண்ணு, கையில எழுதுனது ஒண்ணு. என்ன கெரகமோ."

முதல் கொரி போனது. 'நடத்தை மாற்றம் எப்போது தொடங்கியது, அதற்கு முன் ஏதேனும் நிகழ்ந்ததா, எவ்வளவு காலமாக உள்ளது எனக் குறிப்பிடவும்.' நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: 'நோட்டட்.'

அக்கா இரண்டாவது கொரி அனுப்பினார். பதில்: 'ஆஸ் பெர் கிளினிக்கல் ஃபைண்டிங்ஸ்.' மூன்றாவது கொரிக்குப் பதிலே இல்லை, கையெழுத்து மட்டும் இருந்தது. அக்கா அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மூணு கேள்வி கேட்டனுங்க டாக்டருங்க. நோட்டட்டுங்களாங்க? எதைங்க நோட் பண்ணுனீங்க?"

நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரத்துக்கு அப்புறம் ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு எங்கள் கவுன்ட்டரில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் கவர், அதில் டிஸ்சார்ஜ் சம்மரி. மடித்து மடித்து மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"ஏனுங் அம்மணி, இதுல என்ற புள்ளைக்கு என்ன வந்திருக்குதுன்னு எழுதியிருக்குதுங்?"

பெயரைப் பார்த்தேன். தேஜஸ்ரீ. வந்திருந்தவர் அவளுடைய அம்மா, பொற்கொடி. அக்கா எழுந்து கவுன்ட்டருக்கு வந்தார்.

"அதை டாக்டர்தானுங்கக்கா சொல்லோணும். நாங்க சொல்லக் கூடாதுங்க."

"டாக்டரைக் கேட்டா எல்லாம் சம்மரில இருக்குதுங்கறாங்க. சம்மரி எழுதுனவிங்களக் கேட்டா ரெக்கார்ட்ஸுல கேளுங்கறாங்க. இங்க வந்தா நீங்க டாக்டரைக் கேளுங்கறீங்க. நானு ரெண்டு பஸ் மாறி வாரேனுங். மூணாவது தடவை."

ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். பொற்கொடி உட்கார்ந்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

அவர்கள் மேட்டுப்பாளையத்துக்காரர்கள். வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுகிற வேலை. அந்த வருஷம் மே மாதம் ஒரு நாள் அந்த மனிதர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு காரமடையில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு குழந்தை இருப்பது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் வாடகை வீட்டைக் காலி செய்து, போத்தனூரில் பொற்கொடியின் அண்ணன் வீட்டுக்கு அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள். புதுப் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பு வரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, ஜூன் முடிவதற்குள் ஒரு பெண்ணின் கையைக் கடித்துவிட்டாள். ஸ்கூல் பஸ்ஸில் சீட்டைக் காம்பஸ் முனையால் கிழித்தாள். யூனிஃபார்மோடு போத்தனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி மேட்டுப்பாளையம் போய், பழைய வீட்டு எதிரில் நின்றிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நவம்பரில் வகுப்பில் யாரோ "உங்கப்பா எங்கடீ வேலை பார்க்கறாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் கண்ணாடி.

"ஸ்கூல்ல இந்தக் காயிதத்தைக் கேட்டாங்க. குடுத்தேனுங். ஹெச்செம் மேடம் போன்ல தேடிப் பார்த்துப்போட்டு, இந்த நோவு இருக்கற புள்ளைக தீ வெப்பாங்களாம், நாயி பூனையக் கொல்லுவாங்களாம், பெருசானா ஜெயிலுக்குப் போவாங்களாம், அதுனால மத்த புள்ளைகளோட உக்கார வெக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்க. இருவதாந்தேதிக்குள்ள டி.சி. வாங்கிக்கோணுமாம். மார்ச்சுல பப்ளிக் பரிச்சைங் அம்மணி. என்ற புள்ள பூனைக்கு டெய்லி பாலு ஊத்துவாளுங். தீ எங்கங் வெப்பா?"

அக்கா ஃபைலை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். கேஷுவாலிட்டியில் முதல் நாள் நர்ஸ் எழுதிய தாளில் எல்லாமே இருந்தது. 'தாயார் கூற்று: தந்தை மே மாதம் பிரிந்து சென்றார். ஜூனில் வீடு மாற்றம். அதன்பின் ஆத்திரம், பள்ளி செல்ல மறுப்பு.' தெளிவான கையெழுத்து. தேதியோடு. நர்ஸ் எழுதியதை வைத்து நோய்க்கு எண் போடக் கூடாது என்பது எங்கள் விதி. டாக்டர் எழுத வேண்டும்.

"ஃபைலுக்குள்ளயே இருக்குது யாசு" என்றார் அக்கா. "நாலு தாளு தள்ளி இருக்குது. யாருமே பொரட்டிப் பாக்கலை."

உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றைக்கு அக்கா மீதும் எரிச்சல்தான். ஒரு நாளைக்கு அறுபது ஃபைல் முடிக்க வேண்டும். இந்த ஒன்றை மூன்று வாரமாக மேசையில் வைத்துக்கொண்டு, மற்ற நாற்பதை என் பக்கம் தள்ளிவிடுகிறார். சம்மரியில் அச்சடித்திருப்பதற்கு எண் போட்டுவிட்டுப் போனால் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இதைச் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "போட்டுரலாங்க யாஸ்மின். நீங்களே போட்டுருங்க" என்றார். எனக்கு 'ங்க' போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் போடவில்லை.

அழகிரிசாமி சார் ரெக்கார்ட்ஸ் ஆட்களைப் பார்க்க மாட்டார். அவமதிப்பு இல்லை, நேரம் இல்லை. வார்டில் பிடிக்கப் போனால் "ஓ.பி.க்கு வாம்மா" என்பார். ஓ.பி.க்குப் போனால் வாசலில் இருக்கிற சிஸ்டர், "பேஷன்ட் மட்டும்" என்பார். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அக்கா நேராக ரிசப்ஷனுக்குப் போய்த் தன் பெயரில் டோக்கன் போட்டார். எண் இருபத்தேழு. ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் தனக்குத் தூக்கத்தில் பல் கடிக்கிற பழக்கம் இருப்பதை எங்களுக்கு இரண்டு தடவை சொன்னார்.

"மதிவதனி, முப்பத்தி நாலு, பெண்" என்று சிஸ்டர் கூப்பிட்டார். உள்ளே போனோம். சார் தலை நிமிராமல், "உட்காரும்மா. என்ன செய்யுது?" என்றார்.

"தூக்கமே வரதில்லீங்க டாக்டர்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமாங்க."

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் நடந்துச்சா? வீட்ல, வேலைல?"

"நடந்துச்சுங்க. உங்களுக்கு ஒரு கொரி அனுப்புனனுங்க."

சார் நிமிர்ந்தார். அக்காவின் கழுத்தில் தொங்குகிற ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்தார். என் கையிலிருக்கிற ஃபைலைப் பார்த்தார்.

"இப்ப என்கிட்ட என்னங்க கேட்டீங்க? எத்தனை நாளா, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்க. நானும் அதையேதானுங்க டாக்டருங்க மூணு தடவை எழுதிக் கேட்டனுங்க. நோட்டட்னு எழுதுனீங்க. பேஷன்ட்டா வந்தாத்தான் கேள்வின்னா என்னன்னு தெரியும்போலங்க. அதான் வந்தேனுங்க."

நான் கதவைப் பார்த்தேன். டம்ளர்கூடக் கையில் இல்லை.

சார் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டி ஃபைலை வாங்கினார். சம்மரியைப் படித்தார்.

"கண்டக்ட் டிஸார்டரா? இந்தப் பொண்ணுக்கா? யார் போட்டது?"

"உங்க பேருதானுங்க இருக்குது."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்? இதோ என் நோட்ல எழுதியிருக்கேனே. அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர், கண்டக்ட் மாற்றத்தோட. தெளிவா இருக்கே."

அக்கா அந்தத் தாளை எடுத்து வாசலில் நின்ற சிஸ்டரிடம் நீட்டினார். "சிஸ்டர், இதைச் சித்த படிச்சுச் சொல்லுங்க." பன்னிரண்டு வருஷமாக அவரோடு ஓ.பி. பார்க்கிற சிஸ்டர். தாளை வெளிச்சத்தில் பிடித்து, "அட்வைஸ்… கண்டக்ட்…" என்று இழுத்துவிட்டு, சாரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சார் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். பிறகு எதையும் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எத்தனையோ நோயாளிகளில் ஒருத்தி, ஒரே ஒரு தடவை வார்டில் பார்த்தவள். ஆனாலும் அவருக்கு அத்தனையும் ஞாபகம் இருந்தது. பழைய வீட்டு வாசலில் அவள் பள்ளியில் பரிசாக வாங்கி வந்து வைத்த செம்பருத்திச் செடியைப் புதுக் குடித்தனக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்பது உட்பட. அதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லையாம்.

"இதெல்லாம் எங்கீங்க டாக்டர் எழுதி வெச்சிருக்கறீங்க?"

சார் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்குள்ள எங்க சாஃப்ட்வேர் போகாதுங்களே" என்றார் அக்கா.

அங்கேயே, வெளியே பதினாறு பேர் காத்திருக்க, சார் ஒரு பக்கம் எழுதினார். என்ன நடந்தது, எப்போது, எத்தனை நாளில் தொடங்கியது, சின்ன வயதில் இப்படி இருந்ததில்லை, நவம்பரோடு ஐந்து மாதம். நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அடியில் கோடு போட்டார். அவருக்கு நன்றாக எழுதத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து அக்காவுக்கு இன்னும் கோபம்.

அச்சில் எப்படி அப்படி வந்தது என்று விசாரிக்க சர்ஜரி வார்டுக்குப் போனோம். சம்மரி தயாரித்தவர் டாக்டர் பூஜிதா, படித்து முடித்து எட்டு மாதம் ஆன ஜூனியர். கண்ணுக்குக் கீழே கருப்பு. அவர் சொன்னார்: "அக்கா, அன்னைக்கு இருபத்திரண்டு டிஸ்சார்ஜ். சார் எழுதினதுல 'கண்டக்ட்' மட்டும்தான் புரிஞ்சுது. சிஸ்டத்துல கண்டக்ட்னு தட்டினா ஒரு லிஸ்ட் வரும். முதல்ல வந்ததை கிளிக் பண்ணிட்டேன்."

அவ்வளவுதான். அந்தப் பெண் தீ வைப்பாள், ஜெயிலுக்குப் போவாள் என்ற பேச்செல்லாம் வந்தது அந்தப் பட்டியலில் 'கண்டக்ட்' என்று தொடங்குகிற பெயர்கள் மட்டும் வந்ததால். அக்கா பூஜிதாவைத் திட்டத்தான் வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். படி இறங்கும்போது, "யாரையுமே திட்ட முடியலையே யாசு, இது என்ன எடம்?" என்றார்.

இனி சம்மரியைத் திருத்த வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவு மாரப்பன், டிஸ்சார்ஜ் ஆகிப் பதினைந்து நாள் தாண்டிவிட்டால் ஃபைல் பூட்டிக்கொள்ளும் என்றார்.

"தொறங்க."

"சூப்பரின்டென்டன்ட் கையெழுத்து வேணுங்க."

சூப்பரின்டென்டன்ட் ஏதோ மாநாட்டுக்கு ஹைதராபாத் போயிருந்தார். வியாழக்கிழமை வருவார். வியாழன் என்றால் பதினெட்டாம் தேதி. இருபதுக்குள் டி.சி. வியாழன் காலை அவர் கார் வந்து நிற்கும்போது அக்கா போர்ட்டிகோவில் நின்றிருந்தார். கையெழுத்து கிடைத்தது. பூட்டைத் திறந்தார்கள். திருத்தினார்கள். அச்சடித்தால், பழைய நோய் முதல் பக்கத்தில் அப்படியே கொட்டை எழுத்தில் இருந்தது, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'திருத்தம்' என்று புதியது. மாரப்பன் அதுதான் டிசைன் என்றார்.

"மாரப்பண்ணா," என்றார் அக்கா, "அந்த ஹெச்செம் மொத பக்கத்தைப் படிச்சு முடிச்சுக் கடைசிப் பக்கத்துக்கு வரதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு டி.சி. எழுதி முடிச்சுருவாங்க. பழசு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கட்டும், வேண்டாங்கலை. குடுக்கற தாள்ல சரியானது மட்டும் வரோணும். நான் இங்கயே உக்காந்திருக்கனுங்க."

மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். வந்தது.

வெள்ளிக்கிழமை பொற்கொடி புதுத் தாளைப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த அரை மணியில் எங்கள் கவுன்ட்டருக்கு போன். பின்னால் பள்ளி மணி அடிப்பது கேட்டது.

"அம்மணி, இப்ப ரெண்டு காயிதம் இருக்குது, எது நெசம்னு கேக்கறாங்க. எங்களுக்கு வேணுங்கற மாதிரி மாத்தி வாங்கியாந்தோம்ங்கறாங்க."

அக்கா ஒரு நிமிஷம் தலையை மேசையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். இந்த முறை டோக்கன் போடவில்லை. சிஸ்டர் தடுக்கவும் இல்லை. அழகிரிசாமி சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் செல்போனிலேயே ஹெச்செம்மைக் கூப்பிட்டார். நாற்பது நிமிஷம் பேசினார். எங்களுக்குக் கேட்டது அவர் பக்கம் மட்டும்தான்.

"தப்பு எங்க மேல மேடம். ஆமா. எங்க எழுத்துல… இல்ல, அந்த வியாதி இவளுக்கு இல்ல… அப்பா போயிட்டாரு, வீடு போயிடுச்சு, ஊர் போயிடுச்சு, எல்லாம் ஒரு மாசத்துல… நீங்க இப்ப பள்ளிக்கூடத்தையும் எடுத்துட்டீங்கன்னா… இல்ல மேடம், கண்ணாடிக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது. பிள்ளைக்கு என்னன்னு சொல்றதுதான் என் வேலை. அதை ஒரு தடவை சரியாச் சொல்லாம விட்டுட்டேன், இப்ப சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, "டி.சி. இல்லை" என்றார். அக்கா, "சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். படிக்கட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நாப்பது நிமிசம் பேசுறாரு. நாலு வரி எழுத நேரமில்லையாம்" என்றார்.

எல்லாம் சுபமாகிவிடவில்லை. பள்ளியில் தேஜஸ்ரீயை ஜனவரி முழுக்க ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். வாரம் ஒரு நாள் அழகிரிசாமி சாரிடம் வந்தாள். பிப்ரவரியில் ஒரு நாள் மறுபடி மேட்டுப்பாளையம் போய்விட்டாள், ஆனால் இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அம்மாவோடு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தாள். ஒல்லியான, நகம் கடித்த பெண். அக்கா அவளிடம், "கை எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டார். அவள் தழும்பைக் காட்டினாள். பரீட்சை எழுதினாள். ஐந்நூறுக்கு முந்நூற்று இருபத்தெட்டு. கணக்கில் தப்பிப் பிழைத்ததாகப் பொற்கொடி போனில் சொன்னார்.

அக்காவுக்கு ஜனவரியிலேயே மெமோ வந்துவிட்டது. வேலை நேரத்தில் தன் பெயரில் ஓ.பி. டோக்கன் போட்டது, இருக்கையை விட்டு மொத்தம் ஏழு மணி நேரம் வெளியே இருந்தது, நோயாளியின் உறவினரிடம் நேரடியாகப் பேசியது. அக்கா தேதி, நேரம், கொரி எண் எல்லாம் போட்டு மூன்று பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். மேலாளர் ஒரே பக்கத்தில் சுருக்கித் தரச் சொன்னார்.

"சுருக்குனதாலதானுங்க இத்தனையும்" என்று சொல்லிவிட்டு, அதே மூன்று பக்கத்தை மறுபடி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அது இன்னும் முடிவாகவில்லை. இந்த வருஷம் சம்பள உயர்வுப் பட்டியலில் அக்கா பெயர் இல்லை.

மார்ச்சில் டாக்டர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். ஃபைலில் எப்படி எழுத வேண்டும் என்று அக்காவைப் பேசச் சொன்னார்கள். நாற்பத்தொரு டாக்டர்களில் ஒன்பது பேர் வந்தார்கள். அழகிரிசாமி சார் வந்தார், முன் வரிசையில் உட்கார்ந்தார், பாதியில் போன் வந்து எழுந்து போனார். டாக்டர் பூஜிதா கடைசி வரை இருந்து, அந்தப் பட்டியலில் கண்டக்ட் என்று தட்டினால் அட்ஜஸ்ட்மென்ட்டும் சேர்ந்து வரும்படி செய்ய முடியாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. மாரப்பன் மென்பொருள் கம்பெனிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.

நேற்று மத்தியானம் அதைப் பற்றிக் கேட்க அக்கா அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டார். ஒன்றை அழுத்தச் சொன்னது, மூன்றை அழுத்தச் சொன்னது, பிறகு பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் கழித்து ஒரு ஆள் வந்து, "உங்கள் பிரச்சனையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றான்.

"சொல்றனுங்க தம்பிங்க," என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நோட்டும் பேனாவும் எடுத்துக்குங்க."